பராக்குப் பச்சமுத்து

கொண்டப்பநாயக்கன்பட்டி,
9-1-1938

மதிப்பிற்குரிய சென்னிமலை அவர்களுக்கு,

அறிமுகம் இல்லாத ஒருவருக்குப் பெண்பிள்ளை கடிதம் எழுதுவது முறையல்ல. தெரிந்தேதான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமையிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். இன்று ஞாயிறு, வீட்டில் யாரும் இல்லை. இதையும் கிழித்தால் இனி எழுதவே மாட்டேன் என்பதால், அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்புகிறேன்.

என் பெயர் பெரியநாயகி. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நீங்கள் குத்துச்சண்டையில் இரண்டு முறை எதிர்த்து நின்ற பச்சமுத்து என் அண்ணன். வெள்ளைக்கல் குவாரியில் கல் உடைக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். பி.ஏ. வரைக்கும் போனது அண்ணனுடைய பிடிவாதம்.

நாமக்கல்லில் உங்கள் இருவருக்கும் சரிசமம் என்று சொன்னார்கள். சேலத்தில் அண்ணனுக்கு வெற்றி என்றார்கள். இரண்டையும் கூடாரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு சாலம்மாள் அக்காள்தான் துணை. அண்ணன் அடி வாங்கினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று அக்காள் நினைத்தார். நான் மூடவில்லை. எனக்குப் பேச வராது. அதனால் சிறுவயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதுதான் பழக்கம்.

உங்களைத் தூங்குமூஞ்சி என்று கூட்டம் கத்துகிறது. கையைத் தொங்கவிட்டு, பாதிக் கண்ணை மூடி, அசையாமல் நிற்கிறீர்கள். "இந்தக் கொமாரபாளையத்தான யாராச்சும் எழுப்பி உடுங்கடி" என்று சாலம்மாள் அக்காள்கூடச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது. எப்போது விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இரண்டாவது சண்டையில் தெரிந்துவிட்டது. அடிக்கப் போவதற்குச் சற்று முன்னால் உங்கள் இடது குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும். அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அது ஒருவகைத் திருட்டு என்று தோன்றியது.

இப்போது சொல்லப்போவது அதைவிடப் பெரியது.

என் அண்ணனைப் பராக்கு என்கிறார்கள். எதிரே ஆள் நிற்க, அவர் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டு, சீட்டுக் கிழிக்கிறவரை வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பார். பார்க்கவில்லை என்று நினைத்து இடது பக்கமாக ஆட்கள் பாய்வார்கள். பாய்ந்தவர்கள் எல்லாரும் அடி வாங்கி விழுவார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டார்கள்; அவரைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அது தந்திரம் இல்லை. அவருக்கு வலது கண் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஆள் அடித்த கல்லின் சில்லு பாய்ந்தது. வெளியே பார்க்க நல்ல கண்ணாகவே இருக்கும். ஒற்றைக் கண்ணால் ஆளை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் முகத்தை அப்படித்தான் திருப்பியாக வேண்டும். அவர் பராக்குப் பார்க்கவில்லை. அவர் பார்க்கிற ஒரே வழி அதுதான். எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. குவாரியில் தெரிந்தால் வேலை போய்விடும்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மூன்றாவது சண்டை என்று அறிவித்துவிட்டார்கள். அண்ணனைத் தடுக்க என்னால் முடியாது. உங்களைத்தான் கேட்க முடியும். அவருடைய வலது பக்கமாக வந்து அடிக்காதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருவது அவருக்குத் தெரியவே தெரியாது. கழுத்தைத் திருப்பக்கூட நேரம் இருக்காது.

உங்களிடம் இதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றக் காரணம் உண்டு. நாமக்கல்லில் அண்ணன் கால் வழுக்கிச் சரிந்தபோது உங்கள் கை ஓங்கியபடி அந்தரத்தில் நின்றது. கூட்டம் "போடு, போடு" என்று கத்தியது. நீங்கள் போடவில்லை.

பதில் எழுதினால் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியநாயகி


குமாரபாளையம்
17-1-38

பெரியநாயகி டீச்சரம்மாவுக்கு சென்னிமலை எழுதிக்கொண்டது.

உங்கள் கடுதாசி வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எனக்கு மூணாங் கிளாஸ் படிப்பு. நாலு நாளாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லலாம். இதை வேறு ஆளிடம் சொல்ல முடியுமா?

ஒரு வருசமாக உங்கள் அண்ணனைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தறியில் உட்கார்ந்து ஊடுநூல் நாடாவை ஓட்டினாலும் அவர் முகம்தான். எங்கண்ணி கேட்கிறாள், "ஏனுங்க கொழுந்தனாரே, நாடா இங்க ஓடுது, நீங்க எங்க ஓடறீங்க?" இந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லையே, பிறகு எப்படி என் கை புறப்படும் முன்னே அவர் கை வந்து நிற்கிறது? ஒரு நாள் காதால் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் என் நிழலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சுவரில் கரியால் அவர் தலையை வரைந்து வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தேன். அண்ணி அதைச் சாணி போட்டு மெழுகிவிட்டாள்.

அது எனக்குச் சந்தோசமாக இருந்தது அம்மணி. அதைப்போல ஒரு ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. நானே கண்டுபிடித்துப் போய் அவர் முன்னால் நிற்க ஆசைப்பட்டேன். நீங்கள் விடையை எழுதி என் கையில் கொடுத்துவிட்டீர்கள். இனிமேல் நான் தெரியாதவன் ஆக முடியாது.

கேட்டதற்குப் பதில். வலது பக்கம் போகமாட்டேன். செத்துப்போன எங்கம்மா பேரால் சொல்கிறேன்.

ஆனால் ஒண்ணு. என் குதிகால் விசயம் எனக்கே தெரியாது. அண்ணியை முன்னால் நிற்கவைத்துக் குத்துவது மாதிரி செய்தேன். "ஆமாங்க, தூக்கறீங்க, இத்தன நாளா தெரியாதா?" என்று சிரிக்கிறாள். அதை நான் மாற்றப் போவதில்லை. நீங்கள் அதை உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். அவர் விசயம் எனக்குத் தெரியும், என் விசயம் அவருக்குத் தெரியணும். அப்போதுதான் நான் அவர் மேல் கை ஓங்க முடியும். இல்லாவிட்டால் அது சண்டை இல்லை.

சென்னிமலை


சேலம்,
23-1-1938

மதிப்பிற்குரிய சென்னிமலை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் மத்தியான மணி அடித்த பிறகு, வகுப்பறையில் தனியாக இருந்து படித்தேன். நன்றி என்று எழுதினால் போதாது. உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டேன் என்பதும் புரிந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

குதிகால் விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்பது நியாயம்.

அண்ணன் விடியும் முன்னே ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாவது வளைவு வரை ஓடிவிட்டு, அங்கிருந்து நேராகக் குவாரிக்குப் போகிறார். மலையிறங்கும் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். நேற்று ஒருவர் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். "ஏம்ப்பா பச்சமுத்து, அந்தத் தூங்குமூஞ்சிய இந்தத் தடவ எந்தப் பக்கம் பாத்துட்டு அடிப்ப?" என்றார். அண்ணன், "உங்க மாட்டப் பாத்துட்டு அடிக்கறனுங்க, அது உங்கள உட அழகா இருக்குது" என்றார். மாட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் செம்பைத் தவறவிட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் அவரைப் பற்றித் தவறாக நினைக்கக்கூடாது. அவர் விடாப்பிடியாக அந்த மேடை ஏறுவது பேருக்காக இல்லை. குவாரியில் எட்டு வருடமாக ஒவ்வொரு நிமிடமும் ஒளித்துக்கொண்டிருக்கிறார். யாராவது வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தும்முவதுபோல நடித்துத் திரும்புவார். கல் வாரும்போது கையைக் கல்லில் இடித்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிடுவார். அவர் கள்ளைத் தொட்டதே கிடையாது. அந்தக் கயிறு கட்டிய மேடையில் மட்டும்தான், எதை ஒளிக்கிறாரோ அதைப் பார்த்து ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். ஒருமுறை அம்மாவிடம், "அங்க மட்டுந்தான் ஆயா, நான் குருடனில்ல" என்று சொல்லக் கேட்டேன். நான் தூங்குவதாக நினைத்துச் சொன்னார்.

பெரியநாயகி


குமாரபாளையம்
3-2-38

டீச்சரம்மாவுக்கு,

கூடாரத்து முதலாளி நோட்டீசு கொண்டுவந்தார். பராக்கும் தூக்கமும் மோதும் மூன்றாம் சண்டை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. சனிக்கிழமை, பகல் நாலு மணிக்கு.

நீங்கள் சொல்லிவிட்டீர்களா? சொல்லிவிடுகிறேன் என்று எழுதினீர்கள். சொன்னேன் என்று எழுதவில்லை.

ஒரு வரி எழுதுங்கள் போதும். சொல்லவில்லை என்றால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடுகிறேன். முதலாளி திட்டுவார், திட்டட்டும். என் இடத்துக்குப் பெங்களூர் ஆளைக் கொண்டுவருவேன் என்கிறார். அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். விழுந்தவனையும் அடிக்கிற ஆள். அதையும் சொல்லிவிட்டேன், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையைக் கட்டிக்கொண்டு என்னால் சண்டை போட முடியாது அம்மணி. மேடை ஏறினால் முழுசாகத்தான் போடுவேன். அவரும் முழுசாக இருக்க வேண்டும்.

சென்னிமலை


சேலம்,
7-2-1938

மதிப்பிற்குரிய சென்னிமலை அவர்களுக்கு,

அண்ணனிடம் சொல்லியாயிற்று. நீங்கள் விலக வேண்டாம்.

பெரியநாயகி


குமாரபாளையம்
21-2-38

டீச்சரம்மாவுக்கு,

ஒன்பது நாள் ஆகிறது. நீங்கள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் எனக்குள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

வலது பக்கம் நான் ஒருதடவைகூடப் போகவில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். இரண்டாவது ரவுண்டில் அவர் தானாகவே சுழன்று அந்தக் கன்னத்தை எனக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார். நான் பின்னால் போனேன். "அடேய் தூங்கி, மூஞ்சியத் தட்டுல வெச்சுக் குடுக்கறான், வாங்கிக்கடா" என்று கூட்டத்தில் கத்தினார்கள். நான் வாங்கவில்லை.

ஆனால் பாருங்கள், வலது பக்கம் போகாதவன் எங்கே போவான்? இடது பக்கம்தான் வந்தேன். எல்லாரும் அந்தப் பக்கம்தான் வருவார்கள். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துத் தடுப்புக் கையை இறக்கிக்கொண்டு வருவார்கள், அடி வாங்குவார்கள். நானும் போன இரண்டு தடவை அப்படித்தான் வாங்கினேன். இந்தத் தடவை அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பார்க்கிற ஆளை ஏமாற்றலாம். வலது கையைத் தூக்கிக் காட்டினேன், பார்த்தார், அதற்குத் தகுந்தபடி நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் என் இடது கை இருந்தது. பார்க்காத ஆளிடம் இந்த வித்தை பலிக்குமா? அவருக்குத் தெரிகிற அந்தக் கண்ணை வைத்தே அவரை அடித்தேன்.

இன்னொன்று. அவர் என் குதிகாலைப் பார்க்கவே இல்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். இப்போது கீழே பார்ப்பார், இப்போது பார்ப்பார் என்று. மூன்றாவது ரவுண்டு வரை பார்க்கவில்லை. தெரிந்துகொண்டே பார்க்காத மாதிரி இருக்கிறார், இது ஒரு புதுப் பராக்கு, கடைசியில் ஏதோ வைத்திருக்கிறார் என்று பயந்தேன். பயத்தில்தான் நாலாவது ரவுண்டில் அவ்வளவு பலமாகப் போட்டேன்.

எல்லா அடியும் ஒரே பக்கம். ரெபரி என் கையைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் அவர் இடது கண் மூடியிருந்ததைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "யாருங்க அது, சென்னிமலைங்களா, எந்தப் பக்கம் நிக்கறீங்க?" என்று கேட்டார். கூட்டம் அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது.

நான் நின்ற இடம் அவருக்கு எதிரேதான்.

எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

சென்னிமலை


குமாரபாளையம்
10-3-38

டீச்சரம்மாவுக்கு,

பதில் இல்லை. கோபமாக இருப்பீர்கள். இருக்க வேண்டியதுதான்.

போன செவ்வாய்க்கிழமை சேலம் ஆசுபத்திரிக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள் போல. வார்டு வாசலில் ஒரு அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஜாடை இருந்தது.

"யாருங்க சாமி, யாரப் பாக்கோணும்?"

"பச்சமுத்துங்களப் பாக்கலாமுன்னு."

"எந்தூருங்க?"

"கொமாரபாளையமுங்க."

அவர்கள் கை பழத்தோடு நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எங்கே செருப்பு வருமோ என்று நின்றேன்.

"அடிச்சது நீங்கதானுங்களா," என்றார்கள். பிறகு, "அவ்வளவு தூரம் வெயில்ல வந்தீங்களா? உக்காருங்க. தண்ணி குடிங்க," என்றார்கள்.

தண்ணீர் குடித்தேன். உள்ளே போக முடியவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளியிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். பராக்கை எப்படி உடைச்ச, சொல்லு, சொல்லு என்று. தறிக்காரர்கள் கேட்கிறார்கள், சந்தையில் கேட்கிறார்கள். நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்து ஒருவர் மாலை போட்டார். அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் காவிரியில் போட்டேன்.

நான் அவரிடம் வந்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். உங்கள் பேரைச் சொல்லமாட்டேன். யாரோ சொன்னார்கள் என்று சொல்வேன். இந்த மாசம் கடைசி ஞாயிறு வருகிறேன். வரவேண்டாம் என்றால் எழுதுங்கள்.

சென்னிமலை


கொண்டப்பநாயக்கன்பட்டி,
20-3-1938

மதிப்பிற்குரிய சென்னிமலை அவர்களுக்கு,

மறுபடியும் மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. உங்கள் மேல் கோபப்பட எனக்கு ஏதும் இல்லை. எழுதினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத் தைரியம் வர இத்தனை நாள் ஆயிற்று. இன்று நீங்கள் வந்துவிடுவீர்களோ என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மாதக் கடைசி ஞாயிறு என்று நீங்கள் எழுதியது நினைவு வந்தது. அதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

குதிகால் விஷயத்தை நான் அண்ணனிடம் சொல்லவே இல்லை.

சொல்லத் தொடங்கினேன். உங்கள் முதல் கடிதம் வந்த வாரம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, அந்தக் குமாரபாளையத்துக்காரர் அடிக்கறதுக்கு முன்னால" என்று ஆரம்பித்தேன். "அட, எங்கம்மிணி படிச்சது பி.ஏ.வா பாக்ஸிங்கா?" என்றார். அம்மா சிரித்தார். சோறு வாங்க வந்திருந்த சாலம்மாள் அக்காளும் சிரித்தார். "மாப்பள ஊட்டுல கேட்டா என்ன சொல்றது, எங்க புள்ள பராக்குக்கே பாடம் சொல்லிக் குடுக்குமுன்னா?" என்றார் அக்காள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். ஆனால் யாராவது சிரித்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். கல்லூரியிலும் அப்படித்தான். விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்லாமலே நாலு வருடம் கழித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று அண்ணன் துருவினால், நான் உங்களுக்கு எழுதியதும் வெளியே வந்துவிடுமே என்ற பயமும் இருந்தது.

ஏழாம் தேதி உங்களுக்கு எழுதியபோது அன்று மாலை எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன். தபால் நான்கு மணிக்குப் போய்விடும். அதனால் சொல்லப் போவதைச் சொல்லியாயிற்று என்று எழுதினேன். அன்று மாலை அவர் குவாரியிலிருந்து வந்து மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது பொய். சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் சமமான சண்டை என்று நம்பி மேடை ஏறினீர்கள். அவர் உங்கள் குதிகாலைப் பார்க்காதது புதுப் பராக்கு இல்லை. அவருக்குத் தெரியாது. உங்களைப் பயப்பட வைத்ததும், பலமாகப் போட வைத்ததும் என் ஒரு வரிதான். வலது பக்கம் வராதீர்கள் என்று கேட்டதும் நான்தான். இரண்டையும் நான்தான் செய்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை உங்கள் குதிகால் எழும்பும்போதும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. "கீழே பாருங்க அண்ணா" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அத்தனை பேர் கத்துகிற இடத்தில் ஒருத்தி கத்துவது யாருக்குத் தெரியப் போகிறது? அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

அண்ணன் நிலைமையைச் சொல்கிறேன். கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகிறது. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வெளிச்சம் தெரிகிறது. ஆள் வந்தால் நிழல் மாதிரி தெரிகிறது. இடது பக்கமாக, ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்தால் முகம் தெரிகிறது என்கிறார். இதுவே நிற்கலாம், குறையவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். குவாரியில் இருந்து யாரும் வரவில்லை. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

அவருக்கு உங்கள் மேல் துளியும் வருத்தம் இல்லை. இதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். "இத்தன வருசத்துல எவனாலயும் முடியல. அந்தாளு ஒருத்தன்தான் என்னைக் கண்டுபுடிச்சான். வலப்பக்கம் தெறந்து போட்டு வெச்சனே, வந்தானா? வரலயே! அது எவ்வளவு பெரிய மூளை பாருங்க" என்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் வராததைத்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடுகிறார். ஆயிரம் பேர் அவரைப் பார்த்துக் குழம்பியதுபோல, இப்போது அவர் உங்களை நினைத்துக் குழம்பிக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "அம்மணி, நீ படிச்சவ, சொல்லு சாமி, அவன் எப்படிக் கண்டுபுடிச்சிருப்பான்?" என்று கேட்கிறார். தினமும் கேட்கிறார். நான் ஒவ்வொரு நாளும், தெரியவில்லை அண்ணா என்கிறேன்.

அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெருமைதான். தன்னைப்போல ஒரு கெட்டிக்காரனிடம் தோற்றோம் என்ற பெருமை. அதையும் பிடுங்க வேண்டாம், நீங்கள் வரவேண்டாம், எதையும் சொல்ல வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு தாள் எழுதியும் விட்டேன். அதைத்தான் இப்போது கிழித்தேன். கண் தெரியாதவரை வலது பக்கத்திலிருந்து அடிக்கக்கூடாது என்று உங்களிடம் கேட்டவள் நான். தினமும் அவர் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லும்போது நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

யாரோ சொன்னார்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். என்னை மறைத்து நீங்கள் இன்னொரு பொய் சுமக்க வேண்டாம். நான் சொல்கிறேன். என் முதல் கடிதம், குதிகால், ஏழாம் தேதி எழுதிய வரி, எல்லாவற்றையும் நானே என் வாயால் சொல்கிறேன். யார் சிரித்தாலும், யார் அழுதாலும் நடுவில் நிறுத்தமாட்டேன்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. என்னை அடிக்கமாட்டார். அடித்தால் நன்றாக இருக்கும் என்று சில சமயம் நினைக்கிறேன். பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் பயம். அப்படி இருந்துவிட்டால், அந்த நேரத்தில் அவர் முன்னால் வெறும் நிழல்கள்தான் இருக்கும். அம்மா அழுவார். நான் பேசிக்கொண்டிருப்பேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும் வரை அவருடைய இடது பக்கத்தில், ஒரு முழம் தூரத்தில், உங்கள் முகம் அவருக்குத் தெரியும்படி உட்கார்ந்திருங்கள்.

பெரியநாயகி